காணி உறுதியும் கலாநிதிப் பட்டமும்

சென்ற மாரி காலத்தில் ஒரு மாலை, கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதி.

"பிள்ளை, மகள் வெளிநாட்டிலை கலாநிதிப் படிப்புப் படிக்க வேணுமெண்டு நிக்கிறாள். இடம் எடுத்துத் தாறதுக்கு ஒருத்தர் 15 லட்சம் கேக்கிறார். இதை ஈடு வைக்கலாமோ?"

கணவர் 2009 இல் காணாமற்போனவர். கோழி வளர்த்தும் இடியப்பம் விற்றும் மகளை விஞ்ஞானப் பட்டதாரி ஆக்கியவர் இந்தத் தாய். மிஞ்சியிருப்பது அந்தக் காணி மட்டுமே.

"அம்மா, உறுதியைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்கோ" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன்.

விஞ்ஞானம், பொறியியல், சுகாதாரம் ஆகிய துறைகளில் கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் நாம் காசு கட்டிப் படிப்பதல்ல. எமக்குக் காசு தந்து செய்விப்பது. சுவீடன், நோர்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஊழியராகவே நியமிக்கப்படுகிறார். மாதச் சம்பளமும் மகப்பேற்று விடுமுறையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்திற்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வயதெல்லை இல்லை. பிள்ளைகள் உள்ளவருக்குக் குடும்பக் கொடுப்பனவும் கிடைக்கும். எமது நாட்டிலும், பேராசிரியர் ஒருவரின் ஆய்வு நிதியில் இணைந்தால் மாதக் கொடுப்பனவு பெறும் வாய்ப்பு உண்டு.

இன்று பல துறைகள் சேர்ந்த ஆய்வுகளே அதிகம் நடக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று சுண்ணாம்புக்கல் நிலத்தினூடாக நிலத்தடி நீரில் கலக்கிறது. அதை அளக்க இரசாயனவியலாளர் வேண்டும், நீரைச் சுத்திகரிக்கப் பொறியியலாளர் வேண்டும், கைக்குழந்தைகளுக்கு நேரும் பாதிப்பை அறிய மருத்துவர் வேண்டும். அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

தேவையானவை இவைதான்: பட்டச் சான்றிதழ், பாடவாரியான புள்ளி விபரம், இரு விரிவுரையாளர்களின் சிபார்சுக் கடிதம், ஆங்கிலத் தேர்ச்சி, ஆய்வு பற்றிய சிறு முன்மொழிவு. இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்திலும் படித்த பல்கலைக்கழகத்திலும் பிரதி பெறலாம். ஆங்கிலப் பரீட்சைக்கும், சில பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத்திற்கும் கட்டணம் உண்டு. அதை நேரடியாக அவர்களுக்கே செலுத்துங்கள். இடைத்தரகர் எவருக்கும் கொடுக்காதீர்கள்.

அந்தத் திட்டத்திற்குப் பெயர் தந்த மேரி கியூரியின் கதையும் எமக்கு அந்நியமானதல்ல. அன்னியர் ஆட்சியிலிருந்த போலந்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அக்காவைப் பாரிசில் படிப்பித்தார். பின்னர் 1891 இல் தானும் போனார். கைக்குழந்தையை மாமனார் பார்த்துக்கொள்ள ஆய்வு செய்து, 1903 இல் கலாநிதியானார். 1906 இல் விபத்தொன்றில் கணவரை இழந்தார். இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே 1911 இல் இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றார்.

அந்தத் தாயின் மகள் இப்போது எனது அலுவலகக் கணினியில் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஏழு கடிதங்களுக்கு இரண்டு பதில்கள் வந்துள்ளன. ஒன்று மறுப்பு. மற்றது, "முன்மொழிவை அனுப்புங்கள்" என்கிறது.

உறுதி வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது.