படம் நின்று நின்று ஓடினால் இணையத்தைக் குறை சொல்லாதீர்கள்

வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினியில் குடும்பக் காணொளிகளைச் சேர்த்து வைத்து, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றை நிறுவினால் அது ஓர் ஊடகச் சேவையகம் ஆகிவிடும். வரவேற்பறைத் தொலைக்காட்சியிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஆனால், பாட்டியின் பிறந்தநாள் காணொளி பாதியில் நின்று, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கினால்? ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்று வேகமான திட்டத்துக்கு மாற நினைப்பார்கள் பெரியவர்கள். தடுத்து நிறுத்துங்கள்! மடிக்கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் காணொளி வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ரவுட்டர் வழியாக அறை மாறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிமிடக் காணொளியின் அளவு 60 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக, 480 மெகாபிட். அதை 60 நொடியால் வகுத்தால் நொடிக்கு 8 மெகாபிட். இதற்குப் பிட் வீதம் என்று பெயர். வீட்டு வைஃபைக்கு இது பெரிய சுமையே அல்ல.

அப்படியானால் சிக்கல் எங்கே? மடிக்கணினியின் விசிறி இரைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். காணொளிகளைச் சுருக்கிச் சேமிக்கப் பல முறைகள் உண்டு. 2003இல் வந்தது எச்.264. 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழ அதில் பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரும். இன்றைய கைத்தொலைபேசிகள் பல எச்.265 முறையில் பதிவுசெய்கின்றன. பழைய தொலைக்காட்சிக்கு அது புரியாது. உடனே சேவையகம் மொழிபெயர்ப்பாளராக மாறி, ஒவ்வொரு படத்தையும் விரித்து, மீண்டும் எச்.264 முறையில் சுருக்கி அனுப்புகிறது. ஒரு முழு எச்டி படத்தில் 1920 x 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 30 படங்கள் என்றால் 6 கோடிப் புள்ளிகளைத் தாண்டும். பழைய கணினி திணறாமல் என்ன செய்யும்?

இங்கேதான் பலர் தவறான பொத்தானை அழுத்துகிறார்கள். படம் தடுமாறுகிறதே என்று தொலைக்காட்சிச் செயலியில் தரத்தைக் குறைப்பார்கள். குறைத்த தரத்தில் அனுப்ப, சேவையகம் அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்தே ஆகவேண்டும், சுமை கூடும். வீட்டுக்குள் பார்க்கும்போது ‘ஒரிஜினல்’ அல்லது ‘மேக்சிமம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும்போதுதான் தரத்தைக் குறைப்பதில் பொருள் உண்டு. அப்போது வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகம் குறுக்கே வரும்.

துணையுரையும் ஒரு கள்ளன். புளூ-ரே வட்டுகளில் அது எழுத்தாக அல்லாமல் படமாகவே இருக்கும். சில சாதனங்களுக்கு அதைக் காட்டத் தெரியாததால், சேவையகமே காட்சியின்மேல் பதித்து அனுப்ப வேண்டியிருக்கும். எஸ்ஆர்டி போன்ற எழுத்துக் கோப்பாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

மொழிபெயர்ப்பைத் தவிர்க்கவே முடியாவிட்டால், சேவையக அமைப்பில் ‘ஹார்ட்வேர் அக்சலரேஷன்’ வசதியை முடுக்கிவிடுங்கள். இன்டெல் நிறுவனம் 2011 முதல் தன் சில்லுகள் பலவற்றில் காணொளிக்கென்றே தனிப்பகுதி வைத்திருக்கிறது. அது வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இன்று ஒரு காணொளியை ஓடவிட்டு, சேவையகத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘டைரக்ட் பிளே’ என்று இருந்தால் கோப்பு அப்படியே போகிறது. ‘டிரான்ஸ்கோட்’ என்று இருந்தால், ஜெல்லிஃபினில் அதற்கான காரணத்தையும் அங்கேயே பார்க்கலாம்.