ஆலோசகப் பொறியாளரின் கையெழுத்து யாருக்குக் கட்டுப்பட்டது?

உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள் என்றால் ஒப்பந்ததாரரின் ஆட்களைத் தினமும் பார்ப்பீர்கள். மாநகராட்சியின் உதவிப் பொறியாளரையும் ஓரளவு தெரிந்திருக்கும். பலருக்கும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: ஆலோசகப் பொறியாளர். விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பது, மதிப்பீடு போடுவது, டெண்டர் ஆவணம் எழுதித் தருவது, வேலையை மேற்பார்வையிடுவது, பில் போவதற்கு முன் அளவையும் தரத்தையும் சரிபார்ப்பது என்று பெரிய நகர்ப்புறத் திட்டங்களில் பல பொறுப்புகள் இவரிடமோ இவருடைய நிறுவனத்திடமோ ஒப்படைக்கப்படுகின்றன. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து தேர்வான 11 நகரங்கள் உட்பட, திட்ட மேலாண்மை ஆலோசகர்களை நியமிப்பது வழக்கமான நடைமுறையானது. இவர்களுக்கான கட்டணம் மக்கள் பணத்திலிருந்தே போகிறது. ஆனால் இவர்கள் எழுதும் அறிக்கை கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வராதவரை, ஆலோசகரை நியமித்ததன் முழுப் பலன் நகரத்துக்குக் கிடைக்காது.

தகுதியான, சார்பற்ற தொழில்நுட்பச் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தின் மோர்பி நகரம் சாட்சி. அங்கே மச்சு ஆற்றின் மேல் இருந்த பழைய தொங்குபாலம் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. பராமரிப்பை ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். பழுதுபார்த்து 2022 அக்டோபர் 26-ல் திறந்த பாலம், நான்கே நாளில், அக்டோபர் 30-ஆம் தேதி மாலை அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். பிரதான வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருப்பிடித்து அரித்துப்போயிருந்ததாகச் சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. தகுதியான வல்லுநரைக் கலக்காமல் வேலை நடந்ததையும், சோதனை ஏதுமின்றிப் பாலம் திறக்கப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது. அந்த வடத்தைத் திறந்து பார்த்து, ‘மக்களை ஏற்றக் கூடாது’ என்று எழுதும் அதிகாரத்தோடு ஒரு பொறியாளர் இருந்திருந்தால், அவர் எழுதியதை ஊர் படித்திருந்தால், அந்த மாலையில் பாலம் பூட்டியே இருந்திருக்கும்.

மேற்பார்வையின் அருமை சிறிய வேலைகளிலும் தெரியும். 2022-ல் வேலூர் மாநகராட்சியில், நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமலேயே அதன் சக்கரங்களைச் சுற்றி சிமெண்ட் சாலை போட்டார்கள். சில வாரங்கள் கழித்து, ஒரு அடிபம்பையே சேர்த்து வடிகால் கான்கிரீட்டில் புதைத்தார்கள். இவை கண்ணுக்குத் தெரிந்ததால் செய்தியாயின. கான்கிரீட்டுக்குள் இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் வேலை நடக்கும்போதே 15 சென்டிமீட்டர் அளவில் ‘க்யூப்’ கட்டிகள் வார்த்து, 28-ஆம் நாள் அழுத்தி உடைத்துப் பார்க்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிக்கிறது. 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கட்டிகள் எடுக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்ட் என்றாலோ வெயில் காய்ந்தாலோ 10 நாள் நீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். இதெல்லாம் நடந்ததா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்குத்தான் ஆலோசகருக்குச் சம்பளம்.

ஆனால் அவர் சார்பில்லாமல் நடக்க முடியாதபடி சில சிக்கல்கள் ஏற்பாட்டிலேயே இருக்கின்றன. கட்டணத்தைத் திட்ட மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வைத்தால், செலவு கூடக்கூட அவர் வருமானமும் கூடும். வடிவமைத்தவரே மேற்பார்வையும் செய்தால், தன் வரைபடத்தில் உள்ள பிழையைத் தானே எழுதிக் கொடுக்கத் தயங்குவார். டெண்டரில் அனுபவசாலிகளின் பெயரைக் காட்டிவிட்டுக் களத்துக்குப் புதியவர்களை அனுப்பும் ஆபத்தும் உண்டு. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் ஒரு மன்றமும் உள்ளன. பொறியாளர் தொழிலை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்த அப்படியொரு சட்டம் இல்லை. தவறாகச் சான்றளித்தவரின் தொழில் உரிமத்தைப் பறிக்கும் வழி இல்லாத இடத்தில், பொதுமக்களின் கண்காணிப்புக்கு மதிப்பு கூடுகிறது.

மாநகராட்சியிலேயே பொறியாளர்கள் இருக்கும்போது ஆலோசகர் எதற்கு, வீண் செலவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு உதவிப் பொறியாளர் பல வார்டு வேலைகளைச் சேர்த்துப் பார்க்கும் நிலையில், ஒவ்வொரு கான்கிரீட் ஊற்றலின்போதும் அவரால் நிற்க முடியாது. தரமில்லாத வடிகாலை இடித்துக் கட்டும் செலவு மேற்பார்வைக் கட்டணத்தை எளிதில் விழுங்கிவிடும். அதே சமயம், ஆலோசகரை வைத்துவிட்டதால் மாநகராட்சியின் பொறுப்பு கைமாறிவிடாது. செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் பணத்தை விடுவிக்கும் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். தொழில்நுட்ப அறிக்கை பாமர மக்களுக்குப் புரியாது என்பது இன்னொரு வாதம். கட்டி எந்தத் தேதியில் வார்க்கப்பட்டது, எந்தத் தேதியில் உடைக்கப்பட்டது, எம்20 தரக் கான்கிரீட்டுக்கு வேண்டிய வலிமை வந்ததா, யார் கையெழுத்திட்டார் என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வணிக ரகசியம் என்றும் சிலர் மறுப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்துக்குக் காப்பளிப்பது உண்மை. ஆனால் அதே பிரிவு, பெரிய பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்றும் சொல்கிறது. மக்கள் பணத்தில் கட்டிய வடிகாலின் சோதனை முடிவை அந்தக் காப்புக்குள் ஒளிக்க நியாயமில்லை.

உங்கள் கையில் இருக்கும் உரிமை சிறியதல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 2(ஜெ) பிரிவின்படி ஆவண நகல் கேட்கலாம். அதற்கும் மேலாக, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் பெறலாம். 10 ரூபாய் கட்டணத்துடன் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். ஆலோசகர் நியமன ஒப்பந்தம், களத்தில் இருக்க வேண்டிய பொறியாளர்களின் தகுதி, அவர்கள் தந்த ஆய்வு அறிக்கைகள், க்யூப் சோதனை முடிவுகள், அளவுப் புத்தகப் பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் தேதி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

குறை கண்டால் படம் எடுத்து, தேதியுடன் ஆணையருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம். 2022 முதல் கூட்டப்படும் பகுதி சபையில் எழுப்பினால் மாமன்ற உறுப்பினர் பதில் சொல்ல வேண்டிவரும். பணம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையை அணுகலாம். எதைச் செய்தாலும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் செய்யுங்கள். அதுவரை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்யக் கடமைப்பட்டவர். அதன் பிறகு அந்தச் செலவும் உங்கள் வரிப்பணத்தில்தான் வரும். உங்கள் வார்டில் இன்று நடக்கும் வேலைக்கு ஆலோசகர் யார், கடைசியாக அவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று இந்த வாரமே ஒரு மனு போடுங்கள்.