அச்சுக்கோப்பில் குறியிடுதல்: லுவாவிலிருந்து மேக்ரோ ஆக்கும் முறை

நூல் செய்வார் தாம் பலகாலும் எடுத்தாளும் பொருளுக்கு ஒரு குறியிட்டு வழங்குதல் பண்டை மரபு. தொல்காப்பிய மரபியல் கூறும் உத்திகளுள் ‘தான் குறியிடுதல்’ என்பதும் ஒன்றாம். ஒருகாற் குறியிட்டபின் அதன் விரிவை ஆசிரியர் மீண்டும் கூறுவதில்லை. கற்போர் குறியைக் கண்டவுடன் விரிவை உணர்வர். கணிப்பொறி அச்சுக்கோப்பில் மேக்ரோ எனப்படுவதும் இத்தகையதே. ஒரு பெயருக்குரிய விரிவை முன்னரே வகுத்துவிட்டால், அப்பெயர் வருமிடந்தோறும் பொறி விரிவைப் பெய்துகொள்ளும். அச்சு நிரலினுள் அமைந்த வேறொரு மொழியிலிருந்து இப்பெயர்களை ஆக்குவது எங்ஙனம், பதிப்பாசிரியர்க்கு அதனால் விளையும் பயன் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

பேசின் பிரிட்ஜுக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள வேப்பேரி, தமிழ் அச்சு வரலாற்றில் சிறந்த இடம் பெற்றது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கொணர்ந்த அச்சுப்பொறி, வேப்பேரியிலிருந்த பப்ரிசியசு பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. ஈய எழுத்து வழங்கிய காலமெல்லாம், பாட்டெண்ணை எங்கே இடுவது, பாடவேறுபாட்டை எவ்வெழுத்திற் கோப்பது என்னும் முடிபுகள் பெரும்பாலும் அச்சுக்கோப்பவர் கையிலும் நினைவிலுமே தங்கின. அச்சிட்டபின் எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் இட்டபோது அம்முடிபுகளும் கலைந்தன. அவற்றை எழுத்தில் நிலைபெறச் செய்தமையே மேக்ரோவின் சிறப்பு.

டொனால்டு கனூத் 1978-இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சு நிரல், பெயரை விரிப்பதில் வல்லது. எண்ணுதலும் சொற்களை ஆராய்தலும் அதற்கு எளிதல்ல. பிரேசில் நாட்டு இரியோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தோன்றிய லுவா என்னும் சிறுமொழி அவற்றை எளிதிற் செய்யும். இரண்டையும் இணைத்தது லுவாடெக். அதன் முதல் நிறைபதிப்பு 2016-இல் வெளிவந்தது.

திருக்குறட் பதிப்பொன்றை எடுத்துக்கொள்வோம். உரைக்குறிப்பில் ஒரு குறளின் எண் வருமிடமெல்லாம் அதிகாரப் பெயரும், அவ்வதிகாரத்தில் அது எத்தனையாவது என்பதும் அச்சாதல் வேண்டும் எனக் கொள்வோம். 391 எனின், நாற்பதாம் அதிகாரமாகிய கல்வியின் முதற் குறள். 1330 குறளுக்கும் இதனைக் கையால் எழுதின் பிழை புகாதிராது. எண்ணில் ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுத்தால், ஈவோடு ஒன்று கூட அதிகார எண்ணும், மீதியோடு ஒன்று கூட அதிகாரத்துள் நிற்கும் இடமும் கிடைக்கும். இக்கணக்கு லுவாவுக்கு உரியது. அதன் முடிபை டெக்கிற்குக் குறியாக்கித் தரும் வழி மூன்று.

முதலாவது, வரையறையைச் சொற்றொடராகவே லுவா எழுதி டெக்கிடம் தருதல். லுவாவின் அப்பகுதி முடிந்த பின்னரே டெக் அதனைப் படிக்கும். ஆதலின் அப்பகுதிக்குள் அப்பெயர் பயன்படாது. மேலும், படிக்கும் வேளையில் எக்குறி எவ்வகைத்து என்னும் டெக்கின் வகைப்பாடு செயற்படும். குறிப்பினிடையே விழுக்காட்டுக் குறி வரின், அவ்வரியில் அதன் பின்னுள்ளதனைத்தையும் டெக் தள்ளிவிடும். பாடவேறுபாடொன்று எவர்க்கும் தெரியாமல் மறைதலும் கூடும்.

இரண்டாவது, ‘செட்_மேக்ரோ’ என்னும் வினையால் நேரே ஆக்குதல். இது உடனே பயன்தரும். ஆயின், வேண்டுமிடத்து மாறும் உறுப்புக்களை ஏற்கும் மேக்ரோவை இதனால் ஆக்கவியலாது. உலகளாவியதெனக் குறியாதவிடத்து, தொகுதிக்குள் ஆக்கிய பெயர் அத்தொகுதி முடிந்ததும் அழியும். நிலையான விரிவுகளுக்கே இது ஏற்றது.

மூன்றாவது, லுவாச் செயலொன்றைச் செயற்பட்டியலில் எண்ணிட்டு வைத்து, அதற்குப் பெயர் சூட்டுதல். அப்பெயரைக் கண்டதும் லுவா தானே பின்வரும் எண்ணைப் படித்துக் கணித்து விடையை அளிக்கும். 1330 பெயர்க்கு ஈடாக ஒரு பெயரே அமையும். மேற்காட்டிய குறட் பதிப்புக்கு இதுவே சிறந்தது.

தமிழுக்கெனக் கருதத்தக்கன இரண்டுண்டு. டெக் பெயரைப் படிக்கும்போது எழுத்தென வகுக்கப்பட்டவற்றையே சேர்த்துக்கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் அங்ஙனம் வகுக்கப்படாவிடின், ‘குறள்’ என்னும் பெயர் ககரத்தோடு முடிந்துவிடும். லுவாவிலோ எவ்வடிவிலும் பெயர் ஆக்கலாம். ஆகவே ஆக்கிய பெயரை அழைக்கவியலாத நிலை நேரும். இனி, ‘சொல்’ என்பது இலக்கணத்தில் ஈரெழுத்து. யூனிகோடில் நான்கு குறி. லுவாவின் நீள அளவையிலோ பன்னிரண்டு பைட்டு. எழுத்தெண்ணும் ஆய்வில் இவ்வேறுபாட்டை மறப்பின் முடிவு முழுவதும் பிழைபடும்.

எனவே, எண்ணுவதை லுவாவிலும் பக்கத்தில் நிறுத்தும் அமைப்பை டெக்கிலும் பிரித்து வைத்தல் தக்கது. பதிப்பு நெறியைக் காண விழையும் ஆய்வாளர், நிரலறிவார் துணையின்றியே அமைப்பு விதிகளைப் படித்தறிய இயலவேண்டும். அச்சுக்கோப்பவர் நினைவிலிருந்து மீண்ட முடிபுகள், பிறர் படிக்கவியலாத நிரலுள் மீண்டும் மறையுமாயின் நாம் பெற்ற பயன் சிறிதேயாகும்.