பாறைக்குள் உறங்கும் ஆற்றல்

காயல்பட்டினக் கடற்கரையில், மணலில் புதைந்த வள்ளம் ஒன்றை வடம் கட்டி இழுப்பதாகக் கொள்வோம். முதலில் வடம் விறைத்து நீளும், வள்ளம் அசையாது. இழுவிசை மணலின் உராய்வை விஞ்சும் கணத்தில் வள்ளம் சட்டென நகரும், வடம் தளரும். நிலநடுக்கத்தின் அடிப்படையும் இதுவே.

புவியின் கடினமான மேற்பகுதி பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும் முறிவே பிளவு எனப்படும். பிளவு மண்டலம் ஒற்றைக் கோடன்று. நொறுங்கிய கற்களும் அரைபட்ட பாறைத் துகள்களும் செறிந்த பட்டையாகும். அங்கு உராய்வு பாறைகளைப் பூட்டி வைக்கிறது. ஆயினும் தட்டுகளின் நகர்வு நிற்பதில்லை. ஆகவே, இருபுறப் பாறைகளும் வில்லைப்போல் வளைந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. தகைவு உராய்வை விஞ்சியதும் அவை நழுவி, வளைவு நீங்கி நிமிர்கின்றன. 1906ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி பீல்டிங் ரீட் இவ்விளக்கத்தை அளித்தார்.

எல்லா ஆழத்திலும் பாறைகள் இவ்வாறு நழுவுவதில்லை. மிகு ஆழத்தில், வெப்பத்தால் பாறை உருகாமலேயே இளகி, பிசைந்த மாவைப்போல் மெல்ல உருமாறுகிறது. மேலே உள்ள குளிர்ந்த பாறையோ முறிகிறது. பாறை இடுக்குகளில் நீரின் அழுத்தம் மிகுந்தால் உராய்வு குறைந்து, நழுவுதல் எளிதாகிறது.

2004 டிசம்பர் 26 அன்று காலை ஏறத்தாழ 6.30 மணிக்கு, சுமத்ரா முதல் அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடிப் பிளவு நழுவியது. இந்தியத் தட்டு கீழே செருகும் அவ்விடத்தில், நெடுங்காலம் வளைந்திருந்த மேல்தட்டின் விளிம்பு நிமிர்ந்தெழுந்து கடல்நீரைத் தூக்கியது. அதுவே ஆழிப்பேரலை. வங்கக் கடலை நேரே நோக்கிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கைத் தீவு அரணாக நின்றதால், காயல்பட்டினம் அமைந்த மன்னார் வளைகுடாக் கரையில் அலையின் சீற்றம் தணிந்திருந்தது.

பாறை நழுவியதற்கும் அலை நாகைக் கரையைத் தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. உயிர் காக்க அது போதும், எச்சரிக்கைதான் இல்லை. அக்குறையைப் போக்க, 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

பாறை நழுவும் நாளை முன்கூட்டிச் சொல்ல இன்றும் எவராலும் இயலாது. ஆனால் நிலம் அதிர்ந்த பின், கடல் திடீரென உள்வாங்கினால், அதன் பொருளை நாம் அறியலாம். 2004இல் தாய்லாந்தின் ஃபூகெட் கடற்கரையில், பள்ளியில் கற்ற புவியியல் பாடத்தை நினைவுகூர்ந்து எச்சரித்த பத்து வயதுச் சிறுமியால் பலர் உயிர் பிழைத்தனர். கற்ற பாடம் கரை சேர்க்கும்.