மலைக்கு ஒரு வண்டி – 9: வளையத்துக்கு வேலையில்லை

முன்பம்பரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதப் போவதில்லை. பம்பருக்கான தகடு வர வேண்டிய நாளில் பவுர்ணமி குறுக்கிட்டது. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் திருவண்ணாமலை வேங்கிக்காலில் வேலூர் சாலைப் பக்கம் லோடு வண்டி நகராது. தகடு வரவில்லை, ஆசிரியர் குழுவுக்குப் பக்கம் மட்டும் போயாக வேண்டும். நல்லவேளை, அந்த இடைவெளியில் ஒரு நாணயத்தைவிடப் பெரிதாக இல்லாத ஒரு சாமான் வந்து மாட்டிக்கொண்டது. இந்த வாரம் முழுக்க அதுதான்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டே வரி. நண்பர் ஒருவரின் இசுஸு வி-கிராஸை ஜவ்வாது மலைப் பாதைக்குத் தோதாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். சேஸில் வெல்டிங் வைக்காதே, அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை போடாதே என்று போன வாரம் முடித்தோம். காரணங்களை மறுபடி சொல்லப் போவதில்லை, பழைய இதழைப் புரட்டுங்கள்.

வெல்டிங் கூடாது என்றால் பின்தொட்டியில் நிற்கப்போகும் சட்டத்தை எதைக் கொண்டு பிடிப்பது? போல்ட்தான். சட்டம் சதுரக் குழாயில் தயாராகிவிட்டது. அதன் மேல் ஒரு ஸ்டெப்னி டயர், 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, ஒரு கருவிப் பெட்டி. டீசல் லிட்டருக்கு ஒரு கிலோகூட இல்லை, 20 லிட்டர் 17 கிலோதான் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தாலும், எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது வளைவுக்கு வளைவு இந்த நூறு கிலோ பக்கவாட்டில் இழுக்கும். தார் சாலையை விட்டு மலைக்கிராம மண்பாதையில் இறங்கிவிட்டால், பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அது பல மடங்காகும். இத்தனைக்கும் காவல் நான்கு 12 மில்லி போல்ட்.

பட்டறை மேஸ்திரி நான்கு போல்ட்டையும் எடுத்து வைத்தார். பக்கத்திலேயே நான்கு ஸ்பிரிங் வாஷர். ஓரிடத்தில் வெட்டி, வெட்டுவாயைக் கொஞ்சம் முறுக்கி விட்ட எஃகு வளையம். தமிழ்நாட்டில் எந்த ஹார்டுவேர் கடையில் போல்ட் கேட்டாலும், கேட்காமலே சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்களே, அதேதான்.

"இது வேணாம்ணா" என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? வாஷர் இல்லாம நட்டு கழண்டுடும். முப்பது வருசமா போட்டுக்கினு இருக்கேன்."

"ஸ்டெப்னியைக் கழற்றும்போது வீல் நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் பார்த்திருக்கீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற டிப்பரின் சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தார். வண்டியிலேயே அதிகம் அதிர்வது சக்கரம். அங்கே அந்த வளையம் கிடையாது. இன்ஜினின் சிலிண்டர் ஹெட் போல்ட்டிலும் கிடையாது. உயிர் போகிற இடங்களில் எல்லாம் வண்டி செய்கிறவன் அதைத் தவிர்த்துவிட்டு, பட்டறைக்காரன் தலையில் மட்டும் ஏன் கட்டினான்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். வருடம் 1969. அதுவரை, போல்ட் நீள்வாக்கில் மேலும் கீழும் அதிர்வதால்தான் நட்டு கழல்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். யுங்கர் ஒரு சோதனை இயந்திரம் செய்தார். போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஆட்டும் இயந்திரம். ஆட்டத்துக்கு ஆட்டம் இறுக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் அது காட்டும். உண்மையான எதிரி பக்கவாட்டு நழுவல்தான் என்று அதில் தெரிந்தது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் அந்தக் கணத்தில் மறையின் உரசலும் பிடியை விடுகிறது. மறை என்பது சுருட்டி வைத்த சாய்தளம். உரசல் போனால் நட்டு தானே அதில் இறங்கும். யாரும் ஸ்பேனர் பிடித்துத் திருப்ப வேண்டியதில்லை. இன்றைக்கும் உலகமெங்கும் போல்ட் சோதனைக்கு அவர் பெயரில்தான் இயந்திரம் இருக்கிறது. அதில் நம் ஸ்பிரிங் வாஷரை மாட்டினால் பரிதாபமாகத் தோற்கிறது. நாசா 1990-ல் தன் பொறியாளர்களுக்காக வெளியிட்ட போல்ட் கையேடும், கழலாமல் பிடிப்பதில் இதனால் பயனில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. முழுதாக இறுக்கியதும் வளையம் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது சாதாரண வாஷர்தான்.

அப்படியானால் பிடிப்பது எது? இதற்கு விடை தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் குனிந்து போல்ட் தலையைப் பார்க்கிறேன். வீட்டில் கிரைண்டரைக்கூட விடவில்லை.

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். கடையில் ஹைடென்ஷன் போல்ட் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். முதல் எட்டை நூறால் பெருக்குங்கள்: 800. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையில்தான் அது அறும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எட்டு, அந்த 800-ல் எண்பது சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்கிறது. சாதாரண 4.6 போல்ட்டுக்கு இதே கணக்கில் 400, 240. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே போல்ட். துத்தநாகம் பூசிய ஒரே பளபளப்பு. தலையைப் படித்தால்தான் வித்தியாசம். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை வேலிக்குப் போடலாம், வண்டிக்கு வேண்டாம்.

12 மில்லி 8.8 போல்ட் ஒன்றைச் சரியாக முடுக்கினால், அது தகடுகளை ஏறத்தாழ மூன்றரை டன்னுக்கும் மேலான விசையில் சேர்த்து அழுத்துகிறது. நான்கு போல்ட்டுக்கு 14 டன். இந்த அழுத்தத்தில் தகடுகளுக்கு இடையே பிறக்கும் உரசல் மட்டுமே இரண்டு டன் பக்கவாட்டு இழுப்பைத் தடுத்துவிடும். போல்ட்டின் தண்டு துளையின் ஓரத்தில் மோதி நின்று சுமையைத் தாங்குவதாகத்தான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். நல்ல பொருத்தலில் தண்டு துளையைத் தொடவே தொடாது. தகடு நழுவினால்தானே தொடும்? நழுவாத வரை யுங்கர் சொன்ன கழலலும் நடக்காது.

இதுதான் எனக்குத் தூக்கம் போன இடம். அந்த மூன்றரை டன் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? முடுக்கும்போது போல்ட் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் அழுத்தம். ஆக, இந்தப் பொருத்தலில் ஸ்பிரிங் வேலை பார்ப்பது போல்ட்டேதான். எவ்வளவு நீளும்? நம் சட்டத்தின் கால்தகடு, தொட்டியின் தரை, அடியில் வைக்கும் தகடு, வாஷர்கள் எல்லாம் சேர்ந்து 18 மில்லி. அதில் போல்ட் நீள்வது 0.04 மில்லிமீட்டர்கூட இல்லை. தலைமுடியில் பாதிப் பருமன்.

இப்போது பெயின்ட்டை நினைத்துப் பாருங்கள். துரு வரக் கூடாதென்று கால்தகட்டுக்கு அடியிலும் மேலுமாக ப்ரைமர் ஒரு கோட், கறுப்பு ஒரு கோட் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படலமே 0.1 மில்லி வரும். வெயிலிலும் சுமையிலும் பெயின்ட் நசுங்கி ஒதுங்கும். அதில் பாதி ஒதுங்கினாலே போல்ட் நீண்ட நீளம் முழுவதும் கரைந்துவிடும். நட்டு ஓர் இழைகூடத் திரும்பியிருக்காது, ஆனால் இறுக்கம் போயிருக்கும். "நட்டு அப்படியேதான் இருக்கு, ஆனா ஆடுது" என்று டிரைவர்கள் சொல்வதன் உள்விஷயம் இதுதான். தொட்டியின் தரைக்கு மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதையும் சேர்த்து போல்ட் முடுக்குகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஸ்பேனர் விஷயத்தில் இன்னொரு அநியாயம் உண்டு. நாம் கை வலிக்க முடுக்கும் பலத்தில் பாதி, நட்டின் அடிப்பரப்பு தகட்டில் உரசுவதில் போகிறது. நாற்பது சதவீதம் மறையின் உரசலில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் பத்து சதவீதம். அதனால்தான் மறையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் கணக்கே மாறிவிடுகிறது: உரசல் குறையும், அதே முடுக்கில் போல்ட் கூடுதலாக நீளும், சமயத்தில் அறுந்தும் போகும். துருப்பிடித்த மறை என்றால் நேர்மாறு. ஸ்பேனர் கிறீச்சிடும், கை வலிக்கும், உள்ளே இறுக்கமே ஏறியிருக்காது. 12 மில்லி 8.8-க்கு உலர்ந்த மறையில் 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் நட்டுக்கு இம்பாக்ட் கன்னை வைத்துவிட்டு "டைட்டு சார்" என்பது கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கம் பல நேரம் சரியாகவே வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சு போல்ட்டுக்கு வந்த பிறகு சென்னை பாடியை விட்டுவிட்டால் தகாது. 1960-களில் அங்கே தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ்தான் டி.வி.எஸ். என்று தலையில் பொறித்த போல்ட்டுகளை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கார்களுக்கு ரேடியேட்டர் மூடியும் இங்கிருந்து கப்பலேறியது. மூடிக்கும் நம் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் உண்மையாகவே வேலை செய்கிற ஸ்பிரிங்.

மேஸ்திரிக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ போல்ட்டு நீளமா இருந்தா நல்லதுன்றீங்க?"

அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகப் படித்ததை அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார். நீளமான போல்ட் அதிகம் நீளும். அதிகம் நீண்டது கொஞ்சம் தளர்வைப் பொறுத்துக்கொள்ளும். லேத்தில் 60 மில்லி நீளத்துக்கு நான்கு எஃகு புஷ் கடைந்து வரச் சொன்னார். தொட்டிக்கு அடியில், தகட்டுக்கும் நட்டுக்கும் இடையில் அவற்றைக் கோத்தாயிற்று. பிடிநீளம் 18-லிருந்து 78 மில்லி ஆனது. நீட்சி நான்கு மடங்கு. கால்தகடு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பின்மேல் இரும்பாக வைத்தோம். ஓரத்தில் மட்டும் துருத்தடுப்பு. நட்டு நைலான் வளையம் வைத்தது. கடைசியில் நட்டின் மேலும் புஷ்ஷின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார் மேஸ்திரி. கோடு உடைந்து விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது. பழைய லாரி டிரைவர்கள் சுத்தியலால் வீல் நட்டைத் தட்டிக் காதால் கேட்டது போக, இது கண்ணுக்கான வழி. லோடு ஏற்றி ஒருமுறை ஓடிவிட்டு வந்ததும் மறுபடி முடுக்க வேண்டும் என்றார். சரியான பேச்சு. புதுப் பொருத்தல் முதல் ஓட்டத்தில்தான் அதிகம் படியும்.

நான்கு ஸ்பிரிங் வாஷரையும் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு வண்டிக்கு ஆகுமாம். வாதம் முடியவில்லை என்று இதற்கு அர்த்தம்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு இறுக்கம் தளர்வதைப் பற்றி எழுதினால் தேர் வராமல் இருக்குமா? தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் மாடவீதியில் இறங்குகிறது. மரம் வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். மரத்தைக் கவ்வியிருக்கும் போல்ட்டின் பிடி அதனுடனே ஏறி இறங்கும். ஆண்டு முழுக்க நிலையில் நின்றுவிட்டு ஒரே நாள் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. அதனால்தான் தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் பார்த்து உறுதிச் சான்று தர வேண்டும், தேருக்கும் எஃப்.சி. உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம், கொதிகலன் செய்கிற அதே பெல். ஒரே ஒரு வண்டிக்காக அளவெடுத்துப் பாகம் செய்வதில் அதற்கு மேல் ஒரு கதை எனக்குத் தெரியாது. பிரேக் வந்த பிறகும் தேரைத் திருப்புவது முட்டுக்கட்டைக்காரர்தான். இதைத் தனி வாரமாக எழுத ஆசை. ஆசிரியர் என்ன சொல்வாரோ.

பம்பருக்கு வருவோம் என்றால் இடமில்லை. தகடும் இதற்குள் வந்துவிட்டது, கனமாகவே வந்திருக்கிறது. ஆனால் அதை வெட்டுவதற்கு முன் நண்பரிடம் பேச வேண்டிய பேச்சு ஒன்று பாக்கி. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டியின் முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஏர்பேக் சென்சாருக்கு முன்னால் இரும்பை நிறுத்தினால் என்ன ஆகும், கழற்றி மாட்டும் சட்டமும் கழற்ற முடியாத பம்பரும் ஆர்.டி.ஓ. கண்ணுக்கு ஒன்றா என்பதெல்லாம் அடுத்த வாரம். தகடு அதுவரை பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கட்டும். வாடகை கேட்கமாட்டேன் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)