கொப்போடு கொப்பு சேரட்டும்

சிவகாசிக்கு மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் நிற மலை அணில் வாழுது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள அரிய இனம். இதுக்காகவே 1988-ல் சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிச்சாங்க.

ஆனால் அணிலுக்கு எல்லைக்கல் தெரியுமா? மாவும் புளியும் இருக்கிற நம்ம தோப்புக்கும் வரும். தரையில் இறங்குவது அரிது. கொப்புவிட்டுக் கொப்பு தாவித்தான் போகும். கூட்டையும் பக்கத்து மரங்களோடு கொப்பு கோத்து நிற்கும் மரத்தில்தான் கட்டும். ஆபத்து வந்தால் தப்ப வழி வேணுமே! நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும்.

அடிவாரத்து விவசாயிகளே, மாங்காய் கடிபட்டால் நமக்கு நட்டம்தான். அதுக்காக வெடி போட்டு விரட்டாதீங்க. தோப்பை ஒட்டிய பழைய புளியை வெட்டாம விடுங்க. இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு கன்று வைங்க.