கதவுக்குள்ளே கச்சேரி!

காரில் ஏறி உட்காருகிறீர்கள். கதவைச் சாத்துகிறீர்கள். பாட்டு கேட்கிறது. எங்கிருந்து? உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து! ஆமாம், கதவுக்குள்ளே ஒரு பாடகர், பக்கவாத்தியக் கோஷ்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பாடகரைக் கதவில் குடி வைப்பது லேசான காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான்கு திருகாணி, இரண்டு வயர், அவ்வளவுதானே! என் அக்காள் மகன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், பாலாற்றுக்கு இப்பால் இருக்கிறது ஓரிக்கை. அங்கேதான் அக்காள் குடும்பம். இந்த ஊருக்கும் பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. பல்லவ மன்னன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான், கணிகண்ணன் மறுத்தார், ஊரை விட்டுப் போ என்றான் மன்னன். சீடரோடு குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் ஒரு பாட்டுப் பாட, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டுவிட்டாராம்! அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓர் இரவு இருக்கை’. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பது தல வரலாறு. மறுநாள் மன்னன் வந்து மன்னிப்புக் கேட்டபின், இன்னொரு பாட்டுப் பாடித்தான் பெருமாளைத் திரும்ப அழைத்துப் போனார்கள்.

அது புராணம். நம் கதை வேறு.

பையன் வாடகைக் கார் ஓட்டுகிறான். மூன்று வருஷம் பிறர் வண்டியை ஓட்டிச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினான். சுற்றுவட்டாரம் முழுவதும் கார்த் தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை தொடங்கியது. ஆனால் எந்தக் கம்பெனியானாலும், மலிவு ரகக் கார்கள் பலவற்றில் கதவிலே ஸ்பீக்கருக்கு இடம் மட்டும் இருக்கும், ஸ்பீக்கர் இராது. கல்யாண மண்டபம் தயார், நாதஸ்வரம் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி!

பையன் ஏற்பாடு செய்தான். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் வண்டியை விட்டான். இரண்டே மணி நேரத்தில் வேலை முடிந்தது. நான்கு கதவிலும் நான்கு ஸ்பீக்கர். சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிபயர். தெருவே திரும்பிப் பார்த்தது.

“எப்படி மாமா இருக்கு?” என்று கேட்டான்.

“காது இருக்கிறவனுக்கு ஜாஸ்திதான்” என்றேன். விளையாட்டாகச் சொன்னது. பின்னால் அந்த வார்த்தையை நினைத்து வருந்தும்படி ஆயிற்று.

ஐப்பசி மழை வந்தது

முதலில் இடது பக்கத்துக் கண்ணாடி முழுதாக இறங்க மறுத்தது. அடுத்து, மழை பெய்த மறுநாள் காருக்குள் கால் வைத்தால் ஈரம். கதவைத் திறந்து மூடினால் உள்ளே ‘சளக், சளக்’ என்று தண்ணீர் ஆடியது. பாட்டில் மிருதங்கம் எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பது போல் ஒலித்தது. இதெல்லாம் சின்னத் தொல்லைகள்.

பெரிய தொல்லை ஒரு நாள் விடியற்காலையில் வந்தது. வயதான தம்பதிகளை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ரப்பர் கருகும் நாற்றம். ஓரம் கட்டிப் பானெட்டைத் திறந்தால் புகை! நல்ல வேளை, ஸ்பானர் கையில் இருந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டான். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினான். பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகிற கனத்த வயரில் பியூஸே போடவில்லை. தகட்டில் துளைத்த ஓட்டைக்கு ரப்பர் வளையமும் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் தகட்டின் விளிம்பு வயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

கார் ரேடியோவுக்கும் நெருப்புக்கும் உள்ள பகை பழையது. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் தம் ஸ்டூட்பேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போட இடமில்லை. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாட விட்டார், ஆர்டர்கள் வந்தன. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் ‘மோட்டரோலா’. கடன் கேட்கப் போன இடத்தில் பாங்கி அதிகாரியின் காருக்கு அவர் ரேடியோ பொருத்திக் கொடுக்க, கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் பற்றிக்கொண்டது என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

கதவு என்பது பெட்டி

ஓரிக்கையில் சாலை ஓரமாகச் சின்னக் கொட்டகை ஒன்றில் கார் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். விளம்பரப் பலகைகூட இல்லாத கடை. அவர் உடனே கழற்றவில்லை. கதவை விரல் முட்டியால் தட்டினார். ‘டங்’ என்றது. “காலி தகர டப்பா சார்” என்றார். பிறகு டோர் பேடைக் கழற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினார். அன்று காலையில் கற்றதை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பீக்கர் என்பது என்ன? ஒரு காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. பாட்டு மின்சாரமாகி வந்து சுருளில் பாய்ந்தால், சுருள் முன்னும் பின்னும் துள்ளும். கூம்பு காற்றைத் தள்ளும். அதுதான் ஓசை. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு இஞ்சினீயர்கள் 1925-ல் வகுத்த அமைப்புதான் இன்னும் உள்ளே இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் வந்த அலையும் பின்னால் வந்த அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கீழ் ஸ்வரங்கள்தான் முதலில் போகும். நம்பிக்கை இல்லையா? ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட விடுங்கள். கொசு பாடுவது போலிருக்கும். ஓர் அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதில் அதே ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். என்ன ஆச்சரியம்! மிருதங்கம் வந்துவிடும். அவர் இதை எங்களுக்குச் செய்தே காட்டினார். பழைய மின்விசிறி வந்த அட்டைப் பெட்டிதான் உபகரணம்.

ஆக, கார்க் கதவு என்பது ஸ்பீக்கருக்குப் பெட்டி. உள் தகட்டில் உள்ள ஓட்டைகளையெல்லாம் மூட வேண்டும். தகடு அதிராமல் இருக்க, அலுமினியத் தாள் ஒட்டிய ரப்பர் ஷீட்டைத் தேய்த்து ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் தட்டினால் ‘டங்’ போய் ‘தொப்’ என்று கேட்கும். ஸ்பீக்கருக்குக் கொட்டுகிற பணத்தில் கால் பங்கை இந்த ஷீட்டுக்குச் செலவழித்தால், மட்டமான ஸ்பீக்கர்கூட மரியாதையாகப் பாடும் என்பது அவர் கட்சி. இரண்டையும் கேட்ட பிறகு நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மூடுவதிலும் விவேகம் வேண்டும். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது கோளாறு அல்ல; அப்படி இறங்கி, கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியே ஓட வேண்டும் என்றுதான் காரைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். முதல் கடைக்காரர் என்ன செய்திருந்தார் தெரியுமா? தாளைக் கிழித்து எறிந்துவிட்டார். அடித்துளைகளின் மேல் ஷீட்டை ஒட்டிவிட்டார்! தண்ணீர் வேறு எங்கே போகும்? ஸ்பீக்கருக்கு அடியில் வைத்த அமுக்குப் பலகை வளையம் நனைந்து, பால் குடித்த ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் வளையம்தான் போட வேண்டுமாம்.

கண்ணாடி ஏன் இறங்கவில்லை? காந்தம் தடுத்தது. கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்து, தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை ஆழம் என்று அளந்த பிறகே ஸ்பீக்கர் வாங்க வேண்டும். எல்லோரும் ஆறரை அங்குலம் என்று அகலத்தைக் கேட்கிறார்கள், ஆழத்தைக் கேட்பாரில்லை.

மிருதங்கம் பக்கத்து ஊருக்குப் போனதற்கு ஓட்டை மட்டும் காரணமல்ல. இடது கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. வலது கூம்பு முன்னே தள்ளும்போது இடது கூம்பு பின்னே இழுத்தால், பாட்டில் கனம் எங்கிருந்து வரும்? கண்டுபிடிக்க ஒரு டார்ச் செல் போதும். ஒன்றரை வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் கண நேரம் தொட்டால் கூம்பு வெளியே துள்ளும். உள்ளே போனால் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

வயர் வேலைதான் அதிக நேரம் பிடித்தது. காரோடு வந்த வயரை வெட்டியிருந்தார்கள். அதை ஒட்டவைத்து, அந்தந்தக் காருக்கென்று கிடைக்கிற கப்ளரைப் போட்டார். புதிய வயரைக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வழியாகவே இழுத்தார். பாட்டரிக்கு அருகே, ஒன்றரை அடிக்குள், பியூஸ் போட்டார். மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்று எதிர்ப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார். “இது ஏர்பேக் சார். இதைச் சீண்டவே கூடாது.”

ஐம்பது வாட் மாயம்

இன்னொரு மர்மத்தையும் அவர் உடைத்தார். பெட்டிமேல் ‘50 வாட் × 4’ என்று போட்டிருக்கிறதே, அது நிஜமா? காரின் பாட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14.4. கார் ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் சுமார் 52 வருகிறது. அதாவது மின்சாரம் முழுவதையும் ஈவு இரக்கமின்றித் திணித்தால் வரும் உச்சக் கணக்கு அது! பாட்டாக, சுத்தமாக, தொடர்ந்து கிடைப்பது 20 வாட்டைச் சுற்றித்தான். வாங்கும்போது ‘ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதிய எண்ணைப் பாருங்கள். மற்ற எண்கள் திருவிழாக் கடைப் பலூன்.

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் நூற்றுக்கணக்கான ரகங்கள் தொங்குகின்றன. வாஸ்தவத்தில், காருக்குள் 20 வாட்டே காதுக்குத் தாராளம்.

காதென்று சொன்னதும் என் அக்காள் கணவர் ஞாபகம் வருகிறது. மாலையில் வேலை முடிந்ததும் அவரை முன் சீட்டில் உட்கார வைத்தான் பையன். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டைப் போட்டான். மனிதர் சற்று நேரம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கம் இன்னும் பாடலியேப்பா” என்றார்.

எலெக்ட்ரீஷியனுக்கு முகம் வாடிவிட்டது. மறுபடி டோர் பேடைக் கழற்றினார். செல்லைத் தொட்டார், கூம்பு துள்ளியது. வலது ஸ்பீக்கரை நிறுத்தி இடதை மட்டும் பாட விட்டார். எனக்குக் கணீரென்று கேட்டது. பையனுக்கும் கேட்டது.

“மாமா, இப்போ?” என்று கேட்டேன்.

“எங்கேயோ தூரத்திலே பாடுற மாதிரி இருக்கு” என்றார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பழுது கதவில் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆறு மாதமாக அவர் ‘இடது பக்கம் ஊமை’ என்று சொல்லி வந்ததை, முதல் கடைக்காரர் தலையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மெல்லிய ஓசைகளைக் கேட்க வைத்து, வரைபடம் எடுத்தார். இரு காதிலும் குறை. இடதில் மிகவும் அதிகம். பழைய பஸ்களில் எஞ்சின், டிரைவரின் இடது கைப் பக்கத்திலேயே, உள்ளேயே இருந்ததல்லவா? வருஷக்கணக்கில் அந்த இரைச்சல். காதின் உள்ளே ஓசையை வாங்குகிற நுண்ணிய மயிர்ச் செல்கள் உண்டு. ஒரு முறை அழிந்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. காதுக் கருவி உதவும். போனது திரும்பாது என்றார் டாக்டர்.

பிறகு அவர் பையன் பக்கம் திரும்பினார். “நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுறீங்க?”

“பன்னிரண்டு மணி நேரம் சார்.”

“பாட்டு?”

பையன் தலை குனிந்தான்.

டாக்டர் சொன்ன கணக்கு இது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு நிபுணர்கள் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு ஒரு மணி. 100 டெசிபல் ஆனால் கால் மணிதான்! கதவை மூடிய காருக்குள் 100-ஐத் தொடுவது கஷ்டமே இல்லை. பின்னால் வருகிற 108 ஆம்புலன்ஸின் சங்கொலி கேட்காமல் போகிற அபாயம் தனி. ஊராருக்கும் உரிமை உண்டு: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் எல்லை.

பையனின் காதையும் அன்றே சோதித்தார்கள். இன்னும் பழுதில்லை.

இப்போது அவன் காரில் ஒலி எண் 14-க்கு மேல் போவதில்லை. எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் சின்னக் காகிதம் ஒட்டி ‘14’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறான். அப்பா முன் சீட்டில் ஏறும் நாளில் மட்டும் ஓசையை வலது பக்கமாக இரண்டு புள்ளி நகர்த்தி வைப்பான். அவர் இறங்கியதும் மறக்காமல் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவான்.